பச்சைத் தண்ணீரும் குளோரின் கணக்கும்: வீட்டு நீச்சல் குளம் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பச்சைத் தண்ணீர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் கணக்கெல்லாம் ஒரே குளத்துக்கு: நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.8. சராசரி ஆழம் 1.4. மூன்றையும் பெருக்கினால் 44.8 கன மீட்டர். 45,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கணக்கில் அளந்தவர்கள் கன அடியை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். வட்டக் குளத்துக்கு விட்டம் × விட்டம் × ஆழம் × 0.785. பிபிஎம் என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம்: 1,000 லிட்டருக்கு 1 கிராம், அவ்வளவுதான்.

கேள்வி: பத்து நாள் வீட்டில் இல்லை. மோட்டாரும் ஓடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் குளம் கரும்பச்சை. இரண்டாவது படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டேன். மாலையில் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது, மறுநாள் காலை பழையபடி பச்சை. பவுடர் போலியா?

பவுடர் மேல் பழி போட வேண்டாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டிருக்கிறீர்கள். பிளீச்சிங் பவுடரில் நல்ல சரக்காக இருந்தாலே சுமார் 30 சதவீதம்தான் குளோரின். ஒரு கிலோவில் 300 கிராம். 45,000 லிட்டரில் அது 6.7 பிபிஎம். அந்தப் பாசிக் கூட்டம் சில மணி நேரத்தில் அதைத் தின்று தீர்த்துவிடும். மிச்சமிருக்கும் பாசி இரவோடு இரவாகப் பெருகும்.

பச்சைக் குளத்தைத் தெளிய வைப்பதில் எவ்வளவு போட்டோம் என்பதைவிட, போட்ட அளவு இறங்காமல் எத்தனை நாள் பிடித்து வைத்தோம் என்பதே முக்கியம்.

முதல் வேலை வலை. அடியில் கிடக்கும் இலை, குப்பையைக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் துழாவி அள்ளுங்கள். ஒரு கூடை அழுகிய இலை குடிக்கும் குளோரினுக்கு அளவே கிடையாது.

அடுத்து பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண். குளோரினைக் கூட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்து 7.2-க்குக் கொண்டுவர வேண்டும். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டிய பிறகு பிஎச் சொட்டு மருந்து பொய் சொல்லும். அப்போது அதைப் பார்த்து ஆசிட் ஊற்றினால் விபரீதம். பிஎச் 7.2-க்கு மேல் இருந்தால், மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய்க்கு எதிரே, சுமார் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை 250 மில்லி மெல்ல ஊற்றுங்கள். அரை மணி கழித்துச் சோதித்து, தேவையானால் இன்னொரு 250. ஆசிட் ஊற்றிய கையோடு குளோரினைத் தொடாதீர்கள். இரண்டும் ஒரே வாளியில் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதும் தவறு.

மூன்றாவது, ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலம் எவ்வளவு என்று பாருங்கள். குளோரினை வெயிலில் சிதையாமல் காப்பது அதுதான். குளோரினின் கையைக் கட்டிப்போடுவதும் அதுதான். பாசியைக் கொல்ல எவ்வளவு குளோரின் வேண்டும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ அதில் 40 சதவீதம். ஸ்டெபிலைசர் 30 என்றால் குளோரின் 12 பிபிஎம், 50 என்றால் 20, 80 என்றால் 32.

உங்கள் குளத்தில் 30 என்று வைத்துக்கொண்டால் 45 × 12 = 540 கிராம் சுத்தக் குளோரின். 10 சதவீதத் திரவக் குளோரினில் லிட்டருக்கு 100 கிராம் இருப்பதால் 5.4 லிட்டர். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 830 கிராம். பிளீச்சிங் பவுடரேதான் கிடைக்கும் என்றால் 1.8 கிலோ, அதைத் தனியாகக் கரைத்து, சுண்ணாம்பு கீழே படிந்த பிறகு மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எந்தப் பொடியானாலும் வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் பொடி. மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். எங்கள் விருப்பம் திரவக் குளோரின். பொடிகள் தண்ணீரில் கால்சியத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஏற்கெனவே கடினமான தண்ணீராக இருந்தால் பச்சை போய் வெள்ளைக் கலங்கல் வரும். ஆனால் திரவம் வெயிலில், வெப்பத்தில் வேகமாக வீரியம் இழக்கும். பழைய கேனை நம்பாதீர்கள்.

இதைப் பொழுது சாயும் நேரத்தில் தொடங்குங்கள். முதல் நாள் ஒன்று அல்லது இரண்டு மணிக்கொரு முறை சோதித்து, குறைந்ததை மறுபடி 12-க்கு ஏற்ற வேண்டும். 12 போட்டு ஒரு மணி கழித்து 4 என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். அந்த 8 வேலை செய்திருக்கிறது. பம்ப் இரவு பகலாக ஓடட்டும். சுவர், மூலை, படியின் அடி, ஏணிக்குப் பின்புறம், ஸ்கிம்மரின் (மேல்மட்டக் குப்பையை இழுத்துக் கூடையில் சேர்க்கும் துவாரம்) வாய் என்று எல்லா இடத்தையும் தினமும் பிரஷ்ஷால் தேயுங்கள். பாசியின் மேல் வழவழவென்று ஒரு சவ்வு இருக்கும். அதைக் கிழிக்காமல் குளோரின் உள்ளே போகாது. தண்ணீருக்குள் இருக்கும் விளக்கின் பின்புறக் குழியும் பாசிக்குப் பிடித்த இடம். அதைத் திறப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

எப்போது நிறுத்துவது? மூன்றும் ஒருசேர நடக்க வேண்டும். அடித்தளம் பளிச்சென்று தெரிய வேண்டும். கட்டுண்ட குளோரின் (அழுக்கோடு சேர்ந்து வீரியம் இழந்த குளோரின்) 0.5 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. இருட்டிய பிறகு ஒருமுறை, விடிவதற்கு முன் ஒருமுறை குளோரினை அளந்தால் வித்தியாசம் 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. இரவில் வெயில் இல்லை. அப்போதும் குளோரின் குறைகிறதென்றால் எதுவோ தின்கிறது என்று பொருள். தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிட்டு, பத்தே நாளில் மறுபடி பச்சை என்று எழுதுகிறவர்கள் தவறவிடுவது இந்த மூன்றாவது சோதனையைத்தான்.

கேள்வி: எங்கள் குளத்துத் தண்ணீர் பச்சை. ஆனால் அடியில் ஒரு நாணயம் கிடந்தாலும் தெரியும் அளவுக்குத் தெளிவு. குளோரின் போட்டால் நிறம் இன்னும் கூடுகிறது. இது என்ன பாசி?

பாசியே இல்லை. உலோகம். பாசி தண்ணீரைக் கலக்கும், சுவரை வழுக்க வைக்கும். தெளிவான பச்சை, அதிலும் குளோரின் போட்டால் கூடும் பச்சை என்றால் செம்பு அல்லது இரும்பு.

ஒரு வெள்ளை வாளியில் பத்து லிட்டர் குளத்துத் தண்ணீர் எடுத்து ஒரு தேக்கரண்டி திரவக் குளோரின் விட்டுக் கலக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு மணியில் பச்சை வெளுத்துச் சாம்பல் கலங்கலானால் பாசி. பழுப்பாக மாறினால் இரும்பு. பச்சை அப்படியே தெளிவாக நின்றால் செம்பு. இந்த வாளிச் சோதனையைச் செய்யாமல் குளத்தில் கிலோ கிலோவாகக் குளோரினைக் கொட்டினால், கரைந்திருந்த உலோகம் வெளியேறிச் சுவரில் கறையாக ஒட்டிக்கொள்ளும். கறையை எடுப்பது தண்ணீரைத் தெளிய வைப்பதைவிடப் பெரும்பாடு.

இரும்பு பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரோடு வருகிறது. செம்பு வரும் வழிகள் இரண்டு: செம்பு கலந்த பாசிக்கொல்லி, அல்லது அரிக்கப்பட்ட ஹீட்டர். பிஎச் நீண்ட நாள் 7-க்குக் கீழே கிடந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் செம்புக் குழாயைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கரைக்கும். நீந்திவிட்டு வருகிறவர்களின் வெளிர் நிற முடி பச்சையாகிறதென்று குளோரினைத் திட்டுவார்கள். அதற்கும் காரணம் செம்புதான்.

வரும் வழியை அடைத்துவிட்டு, உலோகம் இல்லாத தண்ணீரால் குளத்தின் ஒரு பகுதியை மாற்றுவதே நிலையான தீர்வு. உலோகத்தைக் கட்டிவைக்கும் திரவங்கள் கடையில் உண்டு. அவை உலோகத்தை வெளியேற்றுவதில்லை, நிறம் காட்டாமல் பிடித்து மட்டும் வைக்கின்றன. குளோரின் அவற்றையும் சிதைப்பதால் டப்பாவில் போட்டுள்ள இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். இரும்புக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. பாலியெஸ்டர் தலையணைப் பஞ்சைக் கொஞ்சம் எடுத்து ஸ்கிம்மர் கூடையில் வையுங்கள். குளோரினால் துருவாக மாறிய இரும்பு அதில் படிந்து பஞ்சு செம்பழுப்பாகும். நிறம் ஏறியதும் மாற்றுங்கள். தண்ணீர் போக வழி விட்டு வைக்க வேண்டும். அடைத்துவிட்டால் பம்ப் திணறும். சுவரில் ஏற்கெனவே கறை இருந்தால் ஒரு வைட்டமின் சி மாத்திரையை அதன் மேல் அழுத்தித் தேயுங்கள். வெளுத்தால் இரும்புக் கறை.

கேள்வி: மூன்று கேன் குளோரின் ஊற்றிவிட்டேன். டெஸ்ட் கிட் இன்னமும் பூஜ்யம் என்கிறது. சில நேரம் சொட்டு விட்டதும் ஒரு நொடி இளஞ்சிவப்பாகி உடனே வெளுத்துவிடுகிறது. எதை நம்புவது?

அந்த ஒரு நொடி இளஞ்சிவப்பை நம்புங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்புச் சாயத்தையே அது வெளுத்துவிடும். கிட் பூஜ்யம் காட்டும். ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை 5 ஆல் பெருக்குங்கள்.

நிறமே வரவில்லை என்றால் வேறு கதை. பத்து லிட்டர் குளத்துத் தண்ணீரில் 10 சதவீதத் திரவக் குளோரின் 1 மில்லி விடுங்கள். அது 10 பிபிஎம். பத்து நிமிடம் கழித்து அளந்தால் 5-க்குக் கீழே போய்விட்டதா? அப்படியானால் தண்ணீரில் அம்மோனியா இருக்க வாய்ப்பு அதிகம். மழையில் தோட்டத்து உரம் வழிந்து குளத்தில் இறங்கினால் இப்படி ஆகும். குளோரின் இல்லாமல் நெடுநாள் கிடந்த குளத்தில் பாக்டீரியா ஸ்டெபிலைசரைத் தின்று அம்மோனியாவாக மாற்றுவதும் உண்டு. போன மாதம் 50 காட்டிய ஸ்டெபிலைசர் இப்போது பூஜ்யம் என்றால் அதுவே தடயம். இதற்கு மருந்து குளோரின்தான். குளத்தில் 10 பிபிஎம் அளவுக்குப் போட்டு, பத்து நிமிடத்தில் அளந்து, மறுபடி போட்டு, பத்து நிமிடம் கழித்தும் 5-க்குக் குறையாமல் நிற்கும்வரை விடாமல் செய்ய வேண்டும். கேன்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதியில் நிறுத்தினால் போட்டதெல்லாம் வீண்.

கேள்வி: குளோரின் 3 பிபிஎம் இருக்கிறது, பிஎச் 7.4. இரண்டு வருடமாக மிதவையில் மாத்திரை போட்டு வருகிறோம், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அப்படியும் பச்சை ஏன்?

தவறாமல் போட்டதுதான் காரணம். மிதவையில் போடும் டிரைகுளோர் மாத்திரையில் பாதிக்கு மேல் ஸ்டெபிலைசர். 200 கிராம் மாத்திரை ஒன்று நம் கணக்குக் குளத்தில் 4 பிபிஎம் குளோரினையும் ஏறக்குறைய 2.5 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் சேர்க்கிறது. குளோரின் செலவாகிவிடும். ஸ்டெபிலைசர் போகாது, தண்ணீர் வெளியேறினால்தான் அதுவும் வெளியேறும். வாரம் இரண்டு மாத்திரை என்றால் ஐந்து மாதத்தில் 100-ஐத் தொட்டுவிடும். ஸ்டெபிலைசர் 100 இருக்கும் தண்ணீரில் பாசி வராமல் தடுக்க மட்டுமே 7 அல்லது 8 பிபிஎம் குளோரின் வேண்டும். உங்கள் 3 பிபிஎம் ஸ்டெபிலைசரிடம் கட்டுண்டு கிடக்கிறது.

ஸ்டெபிலைசரை அளக்கும்போது, சோதனைக் குழாயின் அடியிலுள்ள கறுப்புப் புள்ளி மறையும் இடத்தில்தான் அளவைப் படிக்க வேண்டும். வெளியே, பகல் வெளிச்சத்தில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள். 100 என்று வந்தால் அங்கே நிறுத்தாதீர்கள், குழாய் அதற்கு மேல் காட்டாது. சரிபாதி குடிநீர் கலந்து மறுபடி பார்த்து இரண்டால் பெருக்குங்கள். 180, 200 என்று வந்து திகைக்க வைக்கும்.

தீர்வு தண்ணீர் மாற்றுவதுதான். 100-ஐ 50 ஆக்கப் பாதித் தண்ணீர் போக வேண்டும். ஸ்டெபிலைசரைக் கரைத்துவிடும் என்று விற்கப்படும் பொடிகளில் பணத்தைப் போடுவதைத் தண்ணீரில் போடலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் குளத்தை ஒரேயடியாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் வெற்றுக் குளம் ஓடம் மாதிரி மேலெழும்பும், வெடிப்பு விடும். ஃபைபர் குளத்துக்கும் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குளத்துக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மழைக்காலத்தில் அறவே வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு இறக்கி நிரப்புவதை இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள். அதன் பிறகு அன்றாடத்துக்குத் திரவக் குளோரின்; மாத்திரை வெளியூர் போகும்போது மட்டும்.

கேள்வி: பச்சை போய்விட்டது. இப்போது பால் கலந்தது போல வெளிர்சாம்பல். நாலு நாளாக இப்படியே நிற்கிறது.

செத்த பாசி. கொல்வது குளோரினின் வேலை, வெளியேற்றுவது ஃபில்டரின் வேலை. தெளிய ஒரு வாரம்கூட ஆகலாம். நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லையென்றால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள்.

பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது) முடித்ததும் பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். அதைவிடக் கால் பங்கு கூடும்போது அடுத்த பேக்வாஷ். அதற்கு முன் செய்தால் நட்டம். கொஞ்சம் அழுக்கேறிய மணல்தான் நுண்ணிய தூசியைப் பிடிக்கும், பளபளவென்று கழுவிய மணல் விட்டுவிடும். பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ், பிறகு ஒரு நிமிடம் ரின்ஸ் (நேர்த்திசையில் அலசிக் கழிவுக்கு விடுவது). ரின்ஸை விட்டுவிட்டால் கலங்கல் அப்படியே குளத்துக்குத் திரும்பும். வால்வின் கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் மோட்டாரை நிறுத்துங்கள். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழியும். பிறகு வடிகட்டாத தண்ணீர் குறுக்கு வழியில் குளத்துக்கே திரும்பும். ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே கழிவுக் குழாயில் தண்ணீர் ஒழுகினால் வளையம் போய்விட்டது என்று முடிவு செய்யலாம்.

விருந்தாளிகள் வருகிறார்கள், காத்திருக்க நேரமில்லை என்றால் படிகாரம் இருக்கிறது. 1,000 லிட்டருக்கு 35 முதல் 50 கிராம். 45,000 லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் கிலோ. வால்வை ஃபில்டருக்குள் போகாத சுழற்சி நிலையில் வைத்து, கரைத்து ஊற்றி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். இரவு முழுக்க யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. காலையில் அழுக்கெல்லாம் அடியில் பஞ்சு மெத்தையாகக் கிடக்கும். அதை வேக்குவம் வழியாக நேராகக் கழிவுக்கு அனுப்ப வேண்டும். ஃபில்டருக்குள் விட்டால் மணல் கட்டியாகிவிடும். மெதுவாக இழுங்கள், அவசரப்பட்டால் மெத்தை கலைந்து, முதலிலிருந்து. தண்ணீர் மட்டம் இறங்குவதால் குழாயைப் போட்டு நிரப்பிக்கொண்டே செய்யுங்கள். படிகாரம் பிஎச்சைக் கீழே இழுக்கும், முடிந்ததும் சோதித்துச் சரிசெய்யுங்கள். கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் (மணலுக்குப் பதில் மடிப்புத் துணி உருளை) மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, கழிவுக்கு அனுப்பத் தனிப் பாதை இல்லையென்றால், இந்த வழி வேண்டாம்.

கேள்வி: அடியில் மணல் மணலாகப் படிகிறது. செத்த பாசியா, ஃபில்டர் மணலா?

விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல், ஃபில்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் விரல் குழாய்களில் ஒன்று உடைந்திருக்கும், மணலை வெளியே எடுத்துத்தான் மாற்ற முடியும். மாவாக நழுவினால் செத்த பாசி.

கேள்வி: நிழல் விழும் சுவரில் மட்டும் மஞ்சள் பச்சையாக ஒரு தூசி. தேய்த்தால் புகை மாதிரி கலைகிறது, இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி.

மகரந்தமாக இருந்தால் மிதக்கும், ஸ்கிம்மரில் சேரும். நிழலைத் தேடிப் போகாது. நீங்கள் சொல்வது மஞ்சள் பாசி. மேலே முதல் பதிலில் சொன்னதை முழுக்க முடித்த பிறகு, இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்: ஸ்டெபிலைசரில் 60 சதவீதம் அளவுக்குக் குளோரினை ஏற்றி 24 மணி நேரம் வையுங்கள். 30-க்கு 18 பிபிஎம். அந்த நேரத்தில் பிரஷ், வலை, வேக்குவம் குழாய், மிதவைப் பொம்மை எல்லாவற்றையும் குளத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். அவற்றில் ஒட்டிக்கொண்டுதான் அது திரும்பி வருகிறது.

கேள்வி: மயில்துத்தம் போட்டால் பாசி வராது என்கிறார்களே?

வராமல் இருக்கலாம். பதிலுக்குச் செம்பு வரும். இரண்டாவது கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது உப்புநீர்க் குளம், குளோரினே போடுவதில்லை. அதில் எப்படிப் பச்சை?

உப்புநீர்க் குளமும் குளோரின் குளம்தான். உப்பிலிருந்து குளோரினை அதில் பொருத்தியிருக்கும் இயந்திரமே தயாரிக்கிறது. தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலோ, உப்பு குறைந்தாலோ, பம்ப் ஓடும் நேரம் போதாவிட்டாலோ உற்பத்தி விழும். பச்சையான பிறகு இயந்திரத்தை முழு அளவில் ஓட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதன் வேகம் போதாது, தகட்டின் ஆயுள்தான் குறையும். திரவக் குளோரினால் தெளிய வைத்துவிட்டு அன்றாடப் பொறுப்பை அதனிடம் விடுங்கள்.

கேள்வி: லேசான பச்சைதானே, பிள்ளைகள் இறங்கலாமா?

கூடாது. பாசி தன்னளவில் பெரிய கேடு செய்யாது. ஆனால் பாசி வளர்கிறது என்றால் கிருமியைக் கொல்லும் குளோரின் அங்கே இல்லை. அதைவிடப் பெரிய காரணம், கலங்கிய தண்ணீரில் மூழ்கிய பிள்ளை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆழமான முனையின் அடித்தளம் தெளிவாகத் தெரியும்வரை கதவு பூட்டியே இருக்கட்டும். தெளிந்த பிறகும், உயர்த்தி வைத்த குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கட்டும்.

கேள்வி: அடுத்த மாதம் மறுபடி பத்து நாள் வெளியூர். என்ன செய்துவிட்டுப் போவது?

நல்ல வெயிலில் ஒரு குளம் நாளொன்றுக்கு 2 முதல் 4 பிபிஎம் குளோரினை இழக்கும். 3 என்று வைத்தால் பத்து நாளுக்கு 30. பிஎச்சைச் சரிபார்த்து, கிளம்பும் மாலை குளோரினை 12-க்கு ஏற்றுங்கள். மிதவையில் 200 கிராம் மாத்திரை ஆறு. அதில் 24 பிபிஎம் வரும். ஸ்டெபிலைசர் 15 கூடும், அதைத் திரும்பி வந்ததும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை ஸ்கிம்மர் கூடையில் போடாதீர்கள்: மோட்டார் நிற்கும் நேரத்தில் அங்கே தேங்கும் தண்ணீர் கடும் அமிலமாகி, மறுபடி ஓடும்போது நேரே ஹீட்டருக்குள் போகும். கால்சியம் ஹைப்போகுளோரைட் இருந்த மிதவையிலோ டப்பாவிலோ இந்த மாத்திரையைப் போடவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பம்ப்புக்கு டைமர் வைத்து, மின்சாரம் போய் வந்தாலும் நேரத்தை மறக்காத வகைதானா என்று ஒருமுறை மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.